முன்னனுபவம் ஆறு வருடம்

"இனிமே நீங்க புண்ணத் தொட வேணாம்" என்று டாக்டர் சொன்னபோது ஒரு வயதான மனிதரின் குதிகால் என் மடியில் இருந்தது. சீழை வழித்து முடித்து, மருந்தைப் பாதி கட்டியிருந்தேன். மீதிப் பாதியை யார் கட்டுவது என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

ஏறாவூரில் உள்ள அந்தத் தனியார் கிளினிக்கில் என்னைக் கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். சேர்ந்த முதல் வாரமே, உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிய ஒரு மீன்காரர் வந்தார். நான் அதைக் கழற்றிய விதத்தை டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளிலிருந்து மருந்து கட்டும் அறை என்னுடையது. பதினொரு வருடம் வருகிறவர்கள் எல்லோரும் தாதியைக் கூப்பிடுவதுபோல என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே இதைப் பழகினீங்க என்று டாக்டர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது மரியாதை என்று அவர் நினைத்திருக்கக்கூடும். எனக்கென்றால் அது அவருடைய வசதி என்றுதான் பட்டது.

இப்போது சுகாதாரத் திணைக்களத்திலிருந்து சோதனைக்கு ஆட்கள் வந்து, சான்றிதழ் இல்லாதவர்கள் நோயாளியைத் தொடக் கூடாது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். "ஒரு கோர்ஸில சேந்திட்டீங்க எண்டு தாள் ஒண்டு இருந்தாலும் போதும், சமாளிக்கலாம். இல்லாட்டி பழையபடி கூட்டுற வேலதான்" என்றார் டாக்டர்.

தாதியர் கோர்ஸ் இரண்டு வருடம். முதலாம் வருடம் கிழமை நாட்களில் முழு நாள் வகுப்பு. நான் தனி ஆள். வேலையை விட்டுவிட்டு வகுப்பில் குந்தியிருந்தால் நாவற்குடாவில் என் அடுப்பு எரியாது. இரண்டாம் வருடம் சனி, ஞாயிறு மட்டும். முன்னனுபவம் உள்ளவர்களுக்கு அந்த முதலாம் வருடத்தைக் கழித்துவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். வருகிற பங்குனியில் எனக்கு நாற்பத்தைந்து. ஆக, இந்தத் தடவை முதலாம் வருடம் கழிந்தால் நான் மிஸ்ஸி. கழியாவிட்டால் சாகும்வரை துடைப்பம்.

கல்லூரியில் தந்த படிவத்தில் முன்னனுபவத்துக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. வைத்தியசாலையில் வேலை செய்தது ஒன்று. இராணுவப் பயிற்சியும் அனுபவமும் இன்னொன்று. வீட்டில் நோயாளரைப் பராமரித்தது மூன்றாவது. நான் அந்த இரண்டாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இராணுவம் என்று அதில் போட்டிருக்கவில்லை. போடத் தேவையில்லை. இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான்.

நான் பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனேன். ஆறு வருடம் மருத்துவப் பிரிவில் இருந்தேன். வகுப்பென்று நடந்தது நான்கு மாதம். மிச்சமெல்லாம் ஆட்களின் உடம்பில் படித்தது. தைத்தேன், வெட்டினேன், ஈயம் எடுத்தேன், சேலைன் ஏற்றினேன். நரம்பு அகப்படாத கையில் நரம்பு தேடிப் பிடித்தேன். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது? சொல்லுங்கள் பார்ப்போம்.

காத்திருக்கப் போட்ட வாங்கில் எனக்குப் பக்கத்தில் மகாஓயாப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். ஆமியில் மருத்துவப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் ஓரளவு கதைப்பார். "பயப்பட வேணாம் நங்கி, இது லேசு" என்று, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அவர் மடியில் தடித்த கோப்பு. பயிற்சி முடித்த தாள், படம் ஒட்டிய தாள், கட்டளை அதிகாரியின் கடிதம். எனக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தாள். அவளின் எலும்பு எங்கே கிடக்கிறது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அவள் கையெழுத்து வைத்த தாள்களை நாங்களே எரித்துவிட்டுத்தான் காட்டை விட்டு வெளியே வந்தோம். அந்த மனிதர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என்றாலும் அந்தக் கோப்பைப் பறித்து முன்னால் தெரிந்த வாவிக்குள் எறிய வேண்டும்போல இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுச் செய்முறைச் சோதனைக்குப் போனேன். றப்பர் கை ஒன்றில் சேலைன் ஊசி ஏற்ற வேண்டும், பஞ்சு மெத்தைத் துண்டில் தைக்க வேண்டும். மற்றவர்கள் கையுறை போட்டு முடிப்பதற்குள் நான் இரண்டையும் முடித்துவிட்டேன். சோதனை எடுத்த மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்கும், நம்மூர்ப் பிள்ளை. என் தையலைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்கம் விடுமா? கையுறையைக் கழற்றி, குழாயில் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி யன்னல் கம்பியில் காயப்போட்டேன்.

"அக்கா, அது வீசுற சாமான்" என்றாள் மிஸ். அறை முழுக்கச் சிரித்தது. கிளினிக்கில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. யாரோ நின்று என் கையைக் கவனிக்கிறார்கள் என்றதும் கை தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. நாங்கள் ஒரு சோடியைக் கிழியும்வரை கழுவிப் போட்டவர்கள். அதற்குப் புள்ளி வெட்டினாள்.

அடுத்தது வாய்ச் சோதனை. "ஒரு பஸ் விபத்து. நீங்க தனிய நிக்கிறீங்க. ஒருத்தருக்கு வயித்தில பெரிய காயம், நினைவில்ல. ஒருத்தருக்குத் தொட எலும்பு முறிஞ்சிட்டு. ஒருத்தருக்குக் கையில வெட்டு. முதல்ல ஆரப் பாப்பீங்க?"

"கையில வெட்டுப்பட்டவர" என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஏன்?"

"அவருக்குப் பத்து நிமிசம் காணும். தைச்சுத் திருப்பி அனுப்பலாம்."

"எங்க அனுப்பலாம்?"

அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று எனக்கே விளங்கியது. வீட்டுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். எங்களுக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். எழும்பித் துவக்குத் தூக்கக்கூடியவனை முதலில் பார். தொடை அதற்குப் பிறகு. வயிற்றுக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் கையைத்தான் தைத்துக்கொண்டிருப்பேன்.

வெளியே வந்தபோது மகாஓயாக்காரர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். "மூணு பேர் கேள்வி வந்ததா நங்கி? நான் கைக் காயம் சொன்னது. மிஸ் சிரிச்சது. ஆமி முறை எண்டு எழுதி முழுப் புள்ளியும் போட்டது. நீங்க என்ன சொன்னது?"

"நானும் அதத்தான் சொன்னன்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தை, கழுத்தை, பிறகு கைகளை. "எந்த இடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எந்த இடம்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போய்விட்டார்.

மிஸ் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "அக்கா, நான் ஒண்டும் கேக்கல்ல, நீங்க ஒண்டும் சொல்லல்ல. ரெண்டாவது கட்டத்தில நீங்க எழுத ஏலாது. பேப்பர் கேப்பாங்க. பேப்பர் இல்லாம எழுதினா இந்தப் படிவம் இஞ்ச மட்டும் கிடக்காது. மறுகா உங்கட வீட்டுக்கு ஆள் வரும். வந்தா லேசில போகாது. ஆனா இப்பிடி ஒரு கைய வச்சிக்கொண்டு உங்களத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்ல. வீட்டில ஆரும் வருத்தமாக் கிடந்தவங்களா?"

"அம்மா" என்று வாயில் வந்துவிட்டது.

"என்ன வருத்தம்?"

"சீனி வருத்தம். காலில புண்."

"எவ்வளவு காலம்?"

"ஆறு வருசம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பிறகென்ன! மூணாவது கட்டத்தில போடுங்க."

"நான் பாக்கல்ல மிஸ். பாத்தது என்ட அக்கா."

"அவவிட்ட ஒரு கடிதம் வாங்குங்க, நீங்கதான் பாத்த எண்டு. ஜீ.எஸ் ஒப்பம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுவாங்க" என்றாள். இவ்வளவு சுகமாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையின் கன்னத்தைப் பொத்தி ஓர் அறை விட வேண்டும்போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. நான் வீட்டை விட்டுப் போன வருடம்தான் அம்மாவின் காலில் புண் வந்தது. நான் திரும்பி வருவதற்கு முன் அவ செத்துப் போனா. அந்தப் புண்ணை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை.

அக்கா இருப்பது தேற்றாத்தீவில், அம்மாவின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வீடு மூத்தவளுக்குப் போனது, வீட்டோடு சேர்த்து அம்மாவும் போனா. நான் போனபோது அக்கா கிணற்றடியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னகா, வழி மாறி வந்திட்டயா?"

நான் வந்த விசயத்தைச் சொல்லி, எழுதிக்கொண்டு போன கடிதத்தை நீட்டினேன். அவள் கையைக் கழுவி, சீலையில் துடைத்து, வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல உரத்து வாசித்தாள். "'எனது தங்கை எங்கள் தாயாரை ஆறு வருடங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்து, அவரது காற்புண்ணுக்குத் தினமும் மருந்து கட்டினார்.' ஓகோ."

"அக்கா, இது சும்மா பேப்பருக்கு."

"எந்தக் கால்?"

"என்ன?"

"அம்மாட எந்தக் காலில புண்? இடதா, வலதா? நீதானே ஆறு வருசம் பாத்த. சொல்லு."

எத்தனை பேரின் காலை நான் பிடித்திருக்கிறேன். யாருக்கு இடது, யாருக்கு வலது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். "இடது" என்றேன் குருட்டாம்போக்கில்.

"வலது" என்றாள் அக்கா. "பெருவிரலில தொடங்கின. ஒரு சின்னக் கொப்புளம். மறுகா விரல் கறுத்து, ஆஸ்பத்திரில எடுத்தாங்க. மறுகா அடுத்த விரல். மறுகா பாதம் முழுக்க. மழைக்காலத்தில புழு வச்சிட்டு. ஈக்கிலால நான் ஒவ்வொண்டா எடுத்தன். நாத்தம் தாங்க ஏலாம என்ட புருசன் வெளிய போய்ப் படுத்தான். கேட்டுக்க, உனக்குத்தான் தேவ. கல்லூரி ஆக்கள் கேப்பாங்க."

"நான் ஆசப்பட்டா போன நான்? வீட்டுக்கு ஒராள் எண்டு வந்து நிண்டாங்க. நீ கலியாணம் முடிச்சிருந்தாய். நான் போகாட்டி ஆர் போற?"

"போனாய். இல்லயெண்டு சொல்லல்ல. ஒரு நாளாவது வந்தயா?"

"விட்டாத்தானே வாறதுக்கு!" நான் கத்திவிட்டேன். பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கியது.

அக்கா கத்தவில்லை. "ஒரு நாள் அம்மா கேட்டா, 'சின்னவள் அங்க காயக்காரருக்கு மருந்து கட்டுறாளாமே, கேள்விப்பட்டயா' எண்டு. அவ்வளவு பெருமையாக் கேட்டா. அப்ப என்ட கை முழுக்க அவட சீழ். எனக்கு வந்த விசருக்கு, அந்தப் பஞ்ச அவட மூஞ்சில எறிஞ்சிருப்பன்."

தலையைக் குனிந்துகொண்டு இறால் கோதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. அவள்மேல் கோபமும் வந்தது, அதுதான் உண்மை. இருபது வருடம் இதை வைத்திருந்து, நான் கை நீட்டி வந்த நாள் பார்த்துக் கொட்டுகிறாளே!

ஆனால் அவள் பேனை கேட்டாள். கையெழுத்து வைத்தாள். "இத வச்சு உனக்கு வேலை நிலைக்குமெண்டா கொண்டு போ. ஆனா அவங்க குடுக்கிற கடிதத்தக் கொண்டுவந்து எனக்கு வாசிச்சுக் காட்டணும். என்ட ஆறு வருசத்த என்னெண்டு எழுதுறாங்க எண்டு நான் பாக்கணும்."

ஜீ.எஸ் என்கிற கிராம சேவகர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாரோ என்னவோ, முத்திரையை மட்டும் நேராகக் குத்தினார்.

அடுத்த கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் ஒரு டாக்டர் ஐயா. அம்மாவைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். வலது கால், பெருவிரல், கொப்புளம், கறுத்த விரல். மழைக்காலத்துப் புழுவையும் ஈர்க்கையும் சொன்னேன். அக்காவின் ஒரு சொல்லைக்கூடக் கீழே விழ விடவில்லை. என் வாய் கூசவில்லை. புழு என்றதும் ஓர் ஆள் முகத்தைச் சுளித்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமைகூட வந்தது. சீ, என்ன பிறவி நான்.

"கடைசியில நோயாளிக்கு என்ன நடந்த?"

"செத்திட்டா ஐயா."

"அந்த நேரம் நீங்க பக்கத்தில இருந்தீங்களா?"

அம்மா செத்த அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. யாரையோ தைத்துக்கொண்டிருந்திருப்பேன், அல்லது உரலில் மா இடித்திருப்பேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது.

"ஓம் ஐயா" என்றேன். "தல என்ட மடியிலதான் கிடந்த."

மடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சொல்லும்போது அந்தப் பாரம் உண்மையாகவே தொடையில் இறங்கியது; நான் அழுதுவிட்டேன். அவர்கள் தண்ணீர் தந்தார்கள். மிஸ் தன் தாள்களை அடுக்குகிற சாட்டில் என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. முதலாம் வருடம் முழுதாகக் கழிந்தது. சொன்ன சொல்லுக்காக அதை எடுத்துக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே வாசித்தேன். "'விண்ணப்பதாரி தனது தாயாரை ஆறு வருடங்கள் பராமரித்து, அவர் இறக்கும் தருணம் வரை அருகில் இருந்தமை ஏற்றுக்கொள்ளப்படுகிறது.'"

"அருகிலயா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"நான் இத உனக்குச் சொல்லல்லயே" என்றாள் அக்கா. "நான் அந்த நேரம் கிணத்தடியில அவட சீழ்த்துணி தோய்ச்சிக்கொண்டு நிண்டன். ரெண்டு தரம் கூப்பிட்டா. வாறன், வாறன் எண்டு சொல்லிக்கொண்டு தோய்ச்சன். வந்து பாத்தா முடிஞ்சிட்டு. அவக்குப் பக்கத்தில ஆருமே இருக்கல்ல. ஆறு வருசம் பாத்த எனக்கே அது கிடைக்கல்ல. நீ இருந்தன் எண்டு சொன்னயா?"

"கேட்டாங்க. சொன்னன்."

"போ" என்றாள். "இனி திவசத்துக்கும் வராத." கடிதத்தை அவள் தொடவே இல்லை. கதவைச் சாத்திக் கொண்டி போடுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டரிடம் அதைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நான் எங்கே பழகினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மாவ நல்லாப் பாத்திருக்கிறீங்க மிஸ்ஸி" என்றார்.

ஓம் என்றேன்.